முன்னால் ஒன்று போதும்

ஒற்றையாரை அடையாளம் காண அவருடைய சைக்கிளைத் தேட வேண்டியதில்லை. உங்கள் சைக்கிளை அவர் பார்க்கிற பார்வையே காட்டிக்கொடுத்துவிடும். முதலில் டயர், பிறகு சீட்டு என்று மரியாதைக்குக் கண்ணை ஓட்டுவார். பெடல் பக்கம் வந்ததும் கண் அங்கேயே நின்றுவிடும். அங்கே மூன்று பல்சக்கரங்கள் அடுக்காக இருந்தால் தீர்ந்தது. வீட்டில் இன்னும் லேண்ட்லைன் போன் வைத்திருப்பவரிடம் காட்டுகிற பரிவோடு, "இன்னுமா சார் இதெல்லாம் வெச்சிருக்கீங்க?" என்பார். பதிலுக்கெல்லாம் காத்திருக்க மாட்டார். "முன்னால ஒண்ணு போதும் சார். வாழ்க்கையே லேசாயிடும்."

இந்த வாக்கியத்துக்காக எங்கள் சைக்கிள் குழுவில் வைத்த பெயர்தான் ஒற்றையார். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. ஔவையார், நக்கீரனார் வரிசையில் இடம் கிடைத்ததாகவே நினைக்கிறார்.

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்து ஈ.சி.ஆரில் மிதிக்கிற எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருவராவது இருப்பார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். ஓ.எம்.ஆரில் வேலை. பெண் பத்தாவது படிப்பாள். எப்போதோ ஓர் ஆவேசத்தில் வாங்கிய மலைச் சைக்கிள் பால்கனியில் ஈரத்துண்டு உலர்த்தப் பயன்பட்டுக்கொண்டிருந்திருக்கும். 2020 ஊரடங்கில் ஊரே சைக்கிள் தேடி அலைந்தபோது அதைத் தூசு தட்டிக் கீழே இறக்கியிருப்பார். இறக்கியவர் ஓட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் வீடியோ பார்க்க ஆரம்பித்தார்.

வீடியோவில் அமெரிக்கா. கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூர். 2006-லிருந்து அங்கே சரளைக்கல் பாதையில் 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர், ஒரே மூச்சில் ஓட்டுகிற பந்தயம் நடக்கிறது. வளைந்த ஹேண்டில், தடித்த டயர், முகமெல்லாம் புழுதி. ரோடு சைக்கிள் மண்ணில் இறங்காது, மலைச் சைக்கிள் தார் ரோட்டில் கனக்கும், இரண்டுக்கும் நடுவே பிறந்தது இந்தக் கிராவல் சைக்கிள். கடையில் விலை கேட்டார். லட்சத்துக்கு மேல் ஆரம்பித்தது. கடையை விட்டு வெளியே வரும்போதே அவருக்குள் ஒரு துறவி பிறந்துவிட்டார். "எதுக்கு புதுசு? இருக்கிற மலைச் சைக்கிளையே கிராவலா மாத்திடலாம். செலவே இல்ல."

மாப்பிள்ளை கிராவலில் இறங்கப்போகிறார் என்று மகள் போனில் சொன்னதும் விழுப்புரத்து மாமனார் சந்தோஷப்பட்டார். "பெர்மிட்டெல்லாம் எடுத்துட்டாராம்மா? லோடு என்ன ரேட்டுக்குப் போவுதாம்?" என்று மட்டும் கேட்டார்.

ஒற்றையார் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்னால் மூன்று, பின்னால் எட்டு, ஆக இருபத்துநாலு கியர் என்று கடைக்காரர் பெருக்கிக் காட்டுவாரே, அந்தக் கணக்கில் பாதி கண்கட்டு. முன்னால் 42 பல், பின்னால் 21 பல் போட்டால் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். முன்னால் 22, பின்னால் 11 போட்டாலும் அதே இரண்டு சுற்றுதான். இப்படி ஒன்றின் மேல் ஒன்று விழுகிற கியர்களைக் கழித்தால் தேறுவது சொற்பம். இதற்காக, செயினைத் தள்ளிச் சக்கரம் மாற்ற முன்புறம் ஒரு டீரெய்லர், அதற்கு ஒரு கேபிள், கடற்காற்றில் அந்தக் கேபிள் துருப்பிடித்து இறுகுவது, இடது கை ஒன்று நினைக்கச் செயின் வேறொன்று நினைத்து ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவே போய்ச் சொருகிக்கொள்வது. மண் பாதையில் குலுங்கிக்கொண்டே அந்தச் செயினை விரலால் இழுத்துப் போட்டவர்களுக்கு ஒற்றையாரின் உபதேசம் அமிர்தமாகத்தான் இருக்கும்.

2012-ல் ஸ்ராம் நிறுவனம் எக்ஸ்.எக்ஸ்.1 என்ற பெயரில் முன்னால் ஒன்று, பின்னால் பதினொன்று என்று கொண்டுவந்ததிலிருந்து மலைச் சைக்கிள் உலகம் ஒவ்வொன்றாக முன் டீரெய்லரைக் கழற்றிப்போட்டது. சூட்சுமம் பல்லில் இருக்கிறது. செயினைக் கூர்ந்து பார்த்தால் ஒரு கண்ணி அகலமாகவும் அடுத்தது குறுகலாகவும் மாறி மாறி வரும். அதற்கேற்ப ஒரு பல் தடிப்பு, ஒரு பல் ஒல்லி என்று சக்கரத்தை வெட்டினார்கள். செயின் அதில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. பின் டீரெய்லரில் ஒரு கிளட்ச் வைத்துச் செயின் தொங்கி ஆடாமலும் பார்த்துக்கொண்டார்கள். தடிப்பும் ஒல்லியும் ஜோடி ஜோடியாக வர வேண்டும் என்பதால் இந்த வகைச் சக்கரத்தில் 32, 34, 36 என்று இரட்டைப்படைதான் உண்டு. ஒற்றையார் வாழ்க்கையில் இரட்டைப்படை இவ்வளவு பாடு படுத்துவது இதனால்தான்.

கழற்றுவது என்றால் வெறுமனே கழற்றுவது என்று அவர் மனைவியும் முதலில் நம்பினார். நடுச் சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்தால் போதாதா? போதாது. பழைய சக்கரத்தின் பற்கள், செயின் சுலபமாக நழுவி அடுத்த சக்கரத்துக்குத் தாவ வேண்டும் என்றே குட்டையாகச் சீவப்பட்டவை. தனியாக விட்டால் குலுங்கும்போதெல்லாம் செயினைத் துப்பும். ஆகவே புதுச் சக்கரம். சக்கரம் ஒன்றானதும் பழைய போல்ட் நீளம் அதிகம். ஆகவே குட்டை போல்ட். முன்னால் இழந்ததைப் பின்னால் ஈடுகட்ட, பின் சக்கரத்துப் பல்லடுக்கான கேசட் 11-32 போய் 11-42 வந்தது. அந்த 42-ஐப் பழைய டீரெய்லரால் எட்ட முடியாது. புது டீரெய்லருக்குப் பழைய ஷிஃப்டர் ஒத்துவராது. எட்டு கியர் பத்தானதால் செயினும் ஒல்லியாக வேண்டும். வளைந்த ஹேண்டில் ஆசையும் ஒரு வாரம் இருந்தது. மலைச் சைக்கிளின் ஃபிரேம் நீளம், அதில் வளைந்த ஹேண்டிலைப் பிடித்தால் சாஷ்டாங்க நமஸ்காரம் செய்தபடி ஓட்ட வேண்டும். அந்த ஹேண்டிலின் பிரேக் லீவர் வேறு இவருடைய பிரேக்குக்குத் தேவையான அளவு கேபிளை இழுக்காது என்று தெரிந்ததும் நேர் ஹேண்டிலே உத்தமம் என்று ஒரு புதுக் கொள்கை சேர்த்துக்கொண்டார்.

பார்சல்கள் வந்து ஓய்ந்த ஒரு சாயங்காலம் மனைவி கணக்குக் கேட்டார்.

"ஏங்க, மூணுல ரெண்டைக் கழட்டினதுக்கு எவ்வளவு ஆச்சு?"

"பதினெட்டாயிரம்."

"மூணாவதைக் கழட்டிடாதீங்க. குடும்பம் தாங்காது."

கழற்றிய 42 பல் சக்கரம் வீணாகவில்லை. சமையலறையில் குக்கர் இறக்கி வைக்க அவ்வளவு வாகாக இருக்கிறது. அந்தச் சைக்கிளிலிருந்து வந்த பாகங்களில் இன்றைக்குத் தினமும் உழைப்பது அது ஒன்றுதான்.

ஒரே சக்கரம் என்று முடிவெடுப்பது ஒரு காரியமே இல்லை. எத்தனை பல் என்பதில்தான் ஆள் பிடிபடுவார். மூன்று சக்கரம் இருக்கிறவரை யாரும் யாருக்கும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பெரியது கௌரவத்துக்கு, நடுவில் இருப்பது பிழைப்புக்கு, சின்னது யாரும் பார்க்காத மலைத் திருப்பத்துக்கு. ஒன்றே ஒன்று என்று வந்துவிட்டால், தன் முழங்காலைப் பற்றி ஓர் எண்ணில் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்த எண்ணையும் சக்கரத்தின் மேலேயே பொறித்து வைத்திருப்பார்கள்.

ஒற்றையார் 42 என்றார். காரணம் கான்சாஸ் வீடியோ. அங்கே அதைவிடப் பெரிதாகப் போடுகிறார்களாம், தான் அடக்கமாக 42-ல் நிறுத்திக்கொள்கிறாராம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 26 அங்குலச் சக்கரத்தில் அவர் போட்டிருக்கிற டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.05 மீட்டர் போகும். முன்னால் 42, பின்னால் 11 என்றால் ஒரு மிதிக்கு 7.8 மீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 42 கிலோமீட்டர். ஒற்றையாரின் சராசரி வேகம், பின்காற்று இருக்கிற நாளில், 22. அந்தக் கடைசிக் கியரை அவர் தொட வேண்டுமானால் வேளச்சேரி மேம்பாலத்திலிருந்து இறங்க வேண்டும், டிராஃபிக்கும் வழிவிட வேண்டும்.

சரியான வழி இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. போகப்போகிற இடத்திலேயே செங்குத்தான ஏற்றம் எது என்று பார்த்து, அதில் மூச்சு முட்டாமல் ஏற எந்தச் சக்கரம் வேண்டுமோ அதைப் போட்டுக்கொண்டு, வேகம் கிடைத்த அளவுக்குக் கிடைக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஆள் 76 கிலோ, சைக்கிளும் தண்ணீரும் 14 கிலோ, ஆக 90 கிலோ என்று வையுங்கள். பத்து சதவீத ஏற்றம். பின்னால் இருப்பதிலேயே பெரிய 42 பல்லில் நொடிக்கு ஒரு மிதி. முன்னால் 38 பல் என்றால் அந்த எடையைத் தூக்குவதற்கு மட்டும் கால் சுமார் 163 வாட் கொடுக்க வேண்டும். 32 பல் என்றால் சுமார் 137 வாட். 26 வாட்தானே என்று தோன்றும். நாற்காலியில் உட்கார்ந்து பிழைக்கிற காலுக்கு ஒரு மணி நேரம் ஏறும்போது அந்த 26 வாட் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இதையெல்லாம் ஒரு வரியில் சொன்னவர் மெக்கானிக் பாய். தரையில் குந்தி உட்கார்ந்து, சைக்கிளின் பின்பக்கம் செயின் ஸ்டே குழாய் வளைகிற இடத்தில் கட்டைவிரலை வைத்தார். டயருக்கு இடம் விடுவதற்காக மலைச் சைக்கிளில் அந்தக் குழாய் வெளியே பிதுங்கியிருக்கும். 42 பல் சக்கரத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். கட்டைவிரல் நகம் நுழையவும் இடம் இல்லை.

"சார், இங்க ஒரசும். நடு எடத்துல முப்பத்தாறு வரைக்கும் போவும். அதுக்கு மேல கேரண்டி இல்ல. மலைக்குப் போறேன்னு சொன்னீங்களே, முப்பத்திரண்டு போட்டுக்குங்க."

"முப்பத்திரண்டா? அது பசங்க சைக்கிள்ல போடறது பாய்."

"பசங்கதான் சார் மலை ஏறுதுங்க."

பேரம் 38-ல் முடிந்தது. நடுவில் உட்கார இடமில்லாததால் அதை வெளிப்பக்கம், பழைய பெரிய சக்கரத்தின் இடத்தில் மாட்ட வேண்டியதாயிற்று. பாய் மாட்டிவிட்டு எழுந்து கையைத் துடைத்தபடி, "செயின் கோணலா நிக்குது, பெரிய பல்லுக்குப் போனா சத்தம் வரும், பின்னால மிதிச்சா கழண்டுக்கும்" என்று சொல்லியும் வைத்தார். ஒற்றையார் அப்போது தரையில் உட்கார்ந்து பற்களை எண்ணிக்கொண்டிருந்தார். வாங்கிய சக்கரத்தின் பற்களை எண்ணிச் சரிபார்ப்பது அவர் வழக்கம். எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்துபோகாமல் இருக்க மனைவியின் நகப்பூச்சிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளியை முதல் பல்லில் வைப்பார்.

இடையில் வரலாற்றுப் பாடமும் நடந்தது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ஜ், கியர் மாற்றும் சமாசாரமெல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று 1902-லேயே எழுதியிருக்கிறார். அந்தப் பந்தயத்தில் 1937 வரை டீரெய்லருக்கு அனுமதியே கிடையாது. "என்னா வைராக்கியம் பாருங்க!" என்றார் ஒற்றையார். குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "உங்களுக்கு இப்ப என்ன வயசு நடக்குது சார்?" என்று கேட்டுவிட்டான். பேச்சு உடனே டியூப்லெஸ் டயருக்குத் தாவியது. தெக்ராஞ்ஜ் அப்படி எழுதிய சமயத்தில் நடந்ததையும் ஒற்றையார் சொல்ல மாட்டார். ஒரு மலைப்பாதை ஓட்டத்தில் மார்த் எஸ் என்ற பெண், மூன்று கியர் சைக்கிளில் வந்து, ஒரே கியரில் வந்த பந்தய வீரர் ஒருவரை முந்திவிட்டிருந்தார்.

பிறகு கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் இத்தனையாவது வளைவு என்று பலகை இருக்கும். களைத்தவனுக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. ஒற்றையார் அன்று அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டே இரண்டு பேருக்கு உபதேசம் செய்துவிட்டுத்தான் ஏற ஆரம்பித்தார். ஆரம்பத்தில் அவர் சொன்னபடி வாழ்க்கை லேசாகவே இருந்தது. பிறகு கியர் ஒவ்வொன்றாக இறங்கி, பின்னால் 42-க்கு வந்து நின்றது. கோணலாக நின்ற செயின் கரகரவென்று அரைக்க ஆரம்பித்தது. அதற்கு மேல் இறக்கக் கியர் இல்லை. ஆனால் வலது கட்டைவிரல் மட்டும் லீவரை அமுக்கிக்கொண்டே இருந்தது. இன்னும் ஒன்று இருக்கக்கூடும் என்ற நம்பிக்கை அது. இந்தச் சைக்கிளில் முதலிலிருந்த 22 பல் சக்கரமும் பின்னால் 32-ம் இருந்திருந்தால் ஒரு மிதிக்கு 1.4 மீட்டர் ஏறினால் போதும். இப்போது 1.85 மீட்டர் ஏற வேண்டியிருக்கிறது. பதினெட்டாயிரம் செலவழித்து மலையைச் செங்குத்தாக்கி வைத்திருக்கிறார் என்று அப்போது அவரிடம் யாரும் சொல்லவில்லை, பாவம்.

அவர் நிற்கத் தொடங்கினார். களைத்து நின்றதாகச் சொல்லக் கூடாது. முதலில் பள்ளத்தாக்கைப் படம் எடுக்க நின்றார். அடுத்த வளைவில் குரங்கைப் படம் எடுக்க நின்றார். அதற்கடுத்த வளைவில் குரங்கும் இல்லை, பனியில் பள்ளத்தாக்கும் தெரியவில்லை. பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கல்லூரிப் பெண் ஒருத்தி, சாதாரண மூன்று சக்கர மலைச் சைக்கிளில், முன்னால் இருப்பதிலேயே சின்னதைப் போட்டுக்கொண்டு, தறி ஓட்டுகிற தாளத்தில் காலைச் சுற்றிக்கொண்டே வந்தாள். மூச்சு வாங்கவில்லை, வேகமும் இல்லை. பக்கத்தில் வந்ததும், "அங்கிள், தண்ணி வேணுமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்வதற்காக ஒற்றையார் பெடலைப் பின்பக்கம் மிதித்துச் சரிசெய்தார். பாய் சொன்னபடியே செயின் கழன்றது.

மலையிலிருந்து இறங்கியவர் புது உபதேசத்தோடு இறங்கினார். "வேகம் பல்லுல இல்ல சார், கேடன்ஸ்ல இருக்கு. காலு சுத்தற வேகத்துல." அடுத்த வாரமே 32 வந்துவிட்டது. நடு இடத்தில் அம்சமாக உட்கார்ந்தது. செயின் நேராக ஓடியது, சத்தம் நின்றது. உண்மையைச் சொன்னால் இப்போது அந்தச் சைக்கிள் அருமையான சைக்கிள். பின்னால் 11-ல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 32 கிலோமீட்டர் வேகம் போகும். ஒற்றையாருக்கு அது எதேஷ்டம். ஈ.சி.ஆரில் எதிர்க்காற்று அடிக்கும்போது மட்டும் ஒரு கியர் கனக்கும், அடுத்தது காலை வெறுமனே சுழற்றவைக்கும். பெரிய கேசட்டில் படிக்குப் படி இடைவெளி கூடுதல் என்பதால் வருவது இது. கேட்டால் காற்றைக் குறை சொல்வார். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரைகளில் கியர் ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே சீமைக்கருவேல முள்தான் ராஜா. முன்னால் எத்தனை சக்கரம் வைத்திருக்கிறாய் என்று அது யாரையும் கேட்பதில்லை.

ஆனால் அந்த எண். சக்கரத்தின் நெற்றியில் பொறித்த 32. ஒரு ராத்திரி உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து அதைத் தேய்த்திருக்கிறார். மறுநாள் பார்த்தால் அந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. எத்தனை பல் என்று கேட்டவர்களுக்கு, "முப்பத்தாறு, அந்த ரேஞ்சு" என்று பதில் வந்தது. குழுவில் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய மனுஷனின் சைக்கிள் பக்கத்தில் குனிந்து எண்ணிப் பார்ப்பது நாகரிகம் இல்லை அல்லவா?

போன மாதம் மதுராந்தகம் ஏரிக்கரையைச் சுற்றிவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டோரம் டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். சைக்கிள்களை வாசலில் சாய்த்திருந்தோம். ஒற்றையார் பொங்கலுக்குக் கொத்சு இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, எதிரே இருந்தவருடைய மூன்று சக்கரத்தைப் பற்றி வருத்தப்பட ஆரம்பித்திருந்தார். கடைக்காரரின் பையன், ஒன்றாவதோ இரண்டாவதோ படிப்பான், எங்கள் சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து ஒற்றையாருடைய சைக்கிளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"அங்கிள், இந்தச் செவப்புப் புள்ளில இருந்துதான் எண்ணணுமா?"

ஒற்றையார் வாயில் பொங்கல் இருந்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு…"

மேசையில் பேச்சு நின்றுவிட்டது. எண்ண வசதியாக யாரோ சாம்பார் வாளியையும் நகர்த்தி வழிவிட்டார்கள். பையனுக்கு எண்கள் அன்றைக்குத்தான் கைவந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லி, பல்லைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தான். இருபதைத் தாண்டியதும் ஒற்றையார் அவசரமாக விழுங்கினார்.

"தம்பி, இங்க வா. உனக்கு என்ன சாக்லேட் புடிக்கும்?"

"இருங்க அங்கிள், மறந்துடும். இருபத்தாறு, இருபத்தேழு…"

ஒற்றையார் பாதி பொங்கலோடு இலையை மூடிவிட்டு எழுந்தார்.